அத்தை தப்பாகச் சொன்ன வழி

என் அத்தை ஒரு சேதியைச் சரியாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. செவ்வாய்க்கிழமையைப் புதன் என்பாள். போடியில் பெண் கொடுத்தவர்களிடம் போய், "ஒம் மகளக் கம்பத்துலதான கட்டிக் குடுத்துருக்க?" என்பாள். ஓடைப்பட்டிக்காரர் யாராவது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் போதும், "ஒங்க ஊருத் திராச்சையில கொட்டை ஜாஸ்தியாம்ல?" என்று ஆரம்பித்துவிடுவாள். அந்த ஆள் கொதித்துப் போய், விதையில்லாத திராட்சைக்கு ஓடைப்பட்டி எப்படிப் பேர் போனது, யார் தோட்டத்தில் முதலில் போட்டார்கள், எந்த ஊருக்கெல்லாம் லாரி போகிறது என்று சின்னமனூர் வரைக்கும் விளக்கிக்கொண்டே வருவார். அத்தை முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு கேட்பாள். கடைசியில், "அப்பிடியா? எனக்கு எங்க ஞாபகம் இருக்கு, நீங்களே சொல்லுங்க" என்பாள்.

இத்தனைக்கும் அவள் அந்த ஓடைப்பட்டித் தோட்டங்களிலேயே பந்தலுக்குக் கீழே கையைத் தூக்கிக்கொண்டு நின்று, குலை குலையாகக் கத்தரித்து, கழுத்து வலியை வாங்கிக்கொண்டவள். ஓடைப்பட்டித் திராட்சையில் விதை கிடையாது என்று அவளுக்குத் தெரியாதா?

தேவாரம் கடைத்தெருவில் நான் தையல் கடை வைத்திருக்கிறேன். அத்தை திடுதிப்பென்று வருவாள். செருப்பைக் கழற்ற மாட்டாள். நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "ஸ்டூல் கெடக்குல்ல அத்தே, உக்காரு" என்றால், "உக்கார எங்கடி நேரம் இருக்கு" என்பாள். நேரமெல்லாம் நிறையவே இருக்கும். சும்மா தெருவுக்குப் போவாள், திரும்ப வருவாள், மேற்கே மலையைப் பார்ப்பாள், மேகம் இறங்கியிருந்தால் முகம் மாறிவிடும், மறுபடி போவாள். அவள் நிற்கும் நேரம் எனக்கு மிஷின் ஓடாது. ஏதாவது ஒரு துணியைத் தப்பாக வெட்டித் தொலைப்பேன்.

ஒருநாள் ஒரு பெண் ரவிக்கை தைக்கப் பட்டுத்துணி கொண்டுவந்தாள். வாய் திறந்து பேசாத பெண். நானும் அளவெடுத்து அனுப்பினால் போதும் என்றிருந்தேன். அத்தை எட்டிப் பார்த்து, "மாமியா எடுத்துக் குடுத்ததாக்கும்?" என்றாள். அவ்வளவுதான். "எங்க மாமியாளா? அவுக கையில இருந்து கறிவேப்பிலை வராது. எங்க அண்ணன் எடுத்துக் குடுத்துச்சு" என்று தொடங்கி, அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லாமல் போனது, பிறகு சேர்ந்தது, எதற்காகச் சேர்ந்தது எல்லாவற்றையும் கொட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

"ஏன் அத்தே, ஒனக்கு எதுக்கு ஊர் வம்பு?" என்று கத்தினேன்.

"நான் என்னடி கேட்டேன்? தப்பாச் சொன்னேன். அவளாத்தான திருத்துனா" என்றாள்.

நான் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் குடும்பம் மலைக்கு அந்தப் பக்கம், மலையாளச் சீமையில், ஏலத்தோட்டம் ஒன்றில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தது. அப்பா, அம்மா, அப்பாவுக்கு அக்காவான இந்த அத்தை, அத்தையின் ஒரே மகள் ராசாத்தி. மாமா தோட்டத்தில் மரம் விழுந்து செத்துப்போயிருந்தார். ராசாத்திக்குக் காது குத்த வேண்டும், தாய்மாமன் மடியில் உட்காரவைத்து ஊரைக் கூட்டிச் செய்ய வேண்டும் என்று அத்தைக்கு ஆசை. அதற்குக் காசு சேர்க்கத் திராட்சை வேலைக்குக் கீழே இறங்கி வந்தாள். பிள்ளையைத் தம்பியிடம், அதாவது என் அப்பாவிடம், விட்டுவிட்டு வந்தாள். "பத்தரமாப் பாத்துக்கடா" என்று இவள் சொன்னாளாம். "நானே கொண்டாந்து ஒன் கையில விடுறேன், போக்கா" என்று அப்பா சொன்னாராம்.

அவள் கீழே இருந்தபோதுதான் அது நடந்தது. எல்லைத் தகராறு சூடாக இருந்த சமயம். தோட்டத்தைப் புதிதாக வாங்கிய ஒருத்தன் அதைச் சாக்காக வைத்து ஆட்களை ஏவி, லயத்தில் இருந்த தமிழ்ச் சனம் அத்தனையையும் உடனே காலி பண்ணச் சொல்லிவிட்டான். இருந்தால் லயத்தோடு சேர்த்துக் கொளுத்துவோம் என்று தீப்பந்தத்தைக் காட்டினார்களாம். ரோட்டு வழியாகப் போனால் அடி விழும் என்று காட்டு வழியாக இறங்கினார்கள். அடைமழை. அம்மா வயிற்றில் நான். காய்ச்சலில் கிடந்த ராசாத்தியை அப்பா தோளில் போட்டுக்கொண்டு, எல்லாருக்கும் கடைசியில் வந்தார். சேதி கேட்டு ஓடிவந்து தேவாரத்து அடிவாரத்தில் நின்றுகொண்டிருந்த அத்தையிடம் வந்து சேரும்போது அவர் தோளில் பிள்ளை இல்லை. "வழியிலயே போயிட்டாக்கா. மேலயே வச்சிட்டேன்" என்றார்.

மேலே என்றால் எங்கே? அத்தைக்கு வாழ்நாள் முழுக்க இருந்தது அந்த ஒரு கேள்விதான். "செத்துட்டா, சரி, தலையெழுத்து. எங்கன கெடக்கான்னு கூடத் தெரியாம இருக்கிறதுக்கு என்னடி எழுத்து?" என்று ஒருதரம் என்னிடம் கேட்டாள்.

ஆளுக்கு ஓர் இடம் சொன்னார்கள். அம்மா, "மலை மெட்டுமேல, பூ பூத்த மரத்தடியில" என்றாள். அன்று கூட நடந்து, இப்போது கூடலூரில் ஜீப் ஓட்டுகிற என் தாய்மாமா, "வழுக்குப்பாறைக்குக் கீழ, நல்ல மேடான எடம்" என்றார். கூட நடந்துவந்த இன்னொருத்தி காட்டாற்றங்கரை என்றாள். எல்லாமே நல்ல நல்ல இடங்கள். எனக்கு விவரம் தெரிந்த பிறகு அம்மாவைத் தனியாக மடக்கிக் கேட்டேன்.

"நெசமா நீ பாத்தியாம்மா?"

"நான் எங்க பாத்தேன்? வயித்தப் பிடிச்சிக்கிட்டு முன்னாடி போயிட்டேன். ஒங்கப்பா பின்னாடில்ல வந்தாக."

"அப்புறம் ஏன் பூமரம் அது இதுன்னு சொல்ற?"

"பெத்தவகிட்ட வேற என்னத்தடி சொல்லச் சொல்ற?" என்றாள்.

அத்தைக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? தெரியும். அதனால்தான் அவள் நேராகக் கேட்பதையே விட்டுவிட்டாள். "கேட்டா யாரும் சொல்ல மாட்டாகடி. அதெல்லாம் எதுக்கு இப்பன்னுவாக. இல்லைன்னா நமக்குப் பிடிச்சாப்புல எதையாச்சும் சொல்லுவாக. தப்பாச் சொல்லிப் பாரு. நெசம் தெரிஞ்சவனுக்கு வாய் சும்மா இருக்காது." பள்ளிக்கூட லீவில் அவளோடு திராட்சைத் தோட்டத்துக்குப் போனபோது எனக்குச் சொன்னது இது. அன்று காலையில்தான் கூட வேலை பார்த்த பழைய லயத்துப் பெண்ணிடம், "அந்த மேஸ்திரி வீட்டுச் சேச்சி நீங்க கெளம்பையில பலாச்சுளதான குடுத்தா?" என்று கேட்டிருந்தாள். அந்தப் பெண் கத்தரியை ஆட்டிக்கொண்டு, "பலாச்சுளையா? கப்பக்கெழங்குல்ல! அவிச்சு, துணியில முடிஞ்சு, அழுதுக்கிட்டேல்ல குடுத்தா. அவ புருசன் வெளிய காவலுக்கு நின்னான், யாரும் வந்துருவாகளோன்னு" என்றாள். அந்த மலையாளத்து அம்மா அழுததும், அவள் புருசன் காவல் நின்றதும் அதுவரைக்கும் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

இப்படித் துண்டு துண்டாகப் பிடுங்கிப் பிடுங்கித்தான் அவள் அந்த வழி முழுவதையும் சேர்த்தாள். நடந்தவர்களுக்கு மறந்துபோனதெல்லாம் நடக்காத அவளுக்குத் தெரிந்திருந்தது. சேர்த்ததை எங்கள் தலையில் ஏற்றினாள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் நாங்கள் வாய்ப்பாடு படிக்கும் முன்னால் வழி படித்தோம். எண்ணெய் தேய்த்துவிடும்போது, பேன் பார்க்கும்போது, "ஏலே, வழி சொல்லுங்கடா" என்பாள். நானும் தம்பியும் ராகம் போட்டு ஒப்பிப்போம். லயம், காட்டாறு, ஆனைத்தாரை, மெட்டு, வழுக்குப்பாறை, ஈச்சங்காடு, அடிவாரம். நடுவில் வேண்டுமென்றே, "காட்டாத்துக்கு முன்னாடில்ல ஆனைத்தாரை?" என்று கலைத்துவிடுவாள். "இல்ல அத்தே, காட்டாறு தாண்டித்தான் ஆனை போற தடம்" என்று நாங்கள் கத்துவோம். "அப்பிடியா? எனக்கு எங்க ஞாபகம் இருக்கு" என்பாள். எனக்கு அது விளையாட்டாக இருந்த வயதும் உண்டு, எரிச்சலாக இருந்த வயதும் உண்டு. ஊரில் மற்ற பிள்ளைகள் சினிமாப் பாட்டுப் பாடிக்கொண்டிருக்க, நாங்கள் மட்டும் பார்க்காத காட்டில் நடந்துகொண்டிருந்தோம்.

"எனக்கு எதுக்கு அத்தே இதெல்லாம்? நானா நடந்தேன்?" என்று ஒருநாள் எகிறினேன்.

"நீயும்தானடி வந்த, ஒங்கம்மா வயித்துக்குள்ள படுத்துக்கிட்டு. ஒனக்குத் தெரியாதா எங்கனன்னு?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கண் என் முகத்திலேயே நின்றது. என்னிடம்கூட ஏதாவது கிடைத்துவிடாதா என்று பார்த்திருக்கிறாள், பாவி.

அவள் வித்தை பலிக்காத ஒரே ஆள் என் அப்பாதான்.

அப்பா பேசாத மனிதர். மூட்டை தூக்கும் வேலை. வந்தால் குளிப்பார், சாப்பிடுவார், படுப்பார். மலைப்பேச்சு வந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். பின்னாலேயே அத்தையும் போவாள். "தம்பி, மம்பட்டி இல்லாம வெறுங்கையாலதான தோண்டுன?" "மேல கல்லு வைக்காமத்தான வந்துட்ட?" "அந்த எடத்துல தண்ணி நின்னுருக்குமே?" அவர் நடையை எட்டிப் போடுவார். இவளும் எட்டிப் போடுவாள். இரண்டு பேரும் தெரு முனை வரைக்கும் அப்படியே போவதை நான் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். திரும்பி வரும்போது தனித்தனியாக வருவார்கள்.

அப்பாமேல் எனக்குக் கோபம் கோபமாக வரும். ஓர் இடத்தைச் சொன்னால் என்ன குறைந்துவிடப் போகிறது? பொய்யாகவாவது சொல்லித் தொலைக்கலாமே, அம்மா சொன்ன மாதிரி? கேட்டும் விட்டேன். "இதுக்கு மேலயும் பொய் சொல்ல முடியல ஆத்தா" என்றார்.

அத்தை எந்த விசேஷ வீட்டிலும் பந்தியில் உட்கார்ந்தது கிடையாது. சமையல் நடக்கும் பக்கம் போய்த் தட்டைக் கையில் வாங்கி, நின்றபடியே நாலு வாய் போட்டுக்கொண்டு வந்துவிடுவாள். "உக்காந்தா அடைக்கிதுடி" என்பாள். கல்யாண வீட்டில், எழவு வீட்டில், பஸ் ஸ்டாண்டில், எங்கேயும் நின்றுகொண்டே இருந்தவள். அடிவாரத்து ரோட்டில், ஓடைப்பட்டித் தோட்டத்து வேன் வரும் இடத்தில், மற்ற பெண்கள் குத்தவைத்து உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார்கள். இவள் மட்டும் மாந்தோப்பு வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மலையைப் பார்த்தபடி நிற்பாள். அந்த மலையில் பூமரம் இருக்கும் இடமெல்லாம் அவளுக்கு இங்கிருந்தே தெரியும்.

என் மகளுக்குக் காது குத்தினோம். குலதெய்வக் கோயில், பெரிய கூட்டமில்லை, சொந்தபந்தம் மட்டும். என் தம்பிதான் தாய்மாமன். அவன் மடியில் மகளை உட்காரவைத்தோம். அப்பா பந்திக்குச் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் வந்துகொண்டிருந்தார். ஆசாரி ஊசியை எடுத்ததும் பிள்ளை அலறினாள் பாருங்கள், கோயில் மணி கேட்கவில்லை. "அம்மா, அம்மா" என்று என்னைப் பார்த்துக் கையை நீட்டுகிறாள், தம்பி இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறான். எல்லாரும் சிரித்துக்கொண்டு மிட்டாயைக் காட்டுகிறார்கள். எனக்கே கண்ணில் நீர் வந்துவிட்டது.

அத்தை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரையும் பார்க்காமல், பிள்ளையையே பார்த்துக்கொண்டு, "இப்பிடித்தான் என் மகளும் அம்மா அம்மான்னு அழுதுக்கிட்டே போயிருப்பா" என்றாள்.

அப்பா வாளியைக் கீழே வைத்தார். சாம்பார் அலம்பித் தரையில் சிந்தியது.

"அழுகலக்கா" என்றார்.

அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. மிட்டாயைக் காட்டிக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன.

"அவ அழுகவே இல்ல. யாரு ஒனக்கு அழுதான்னு சொன்னது? என் தோள்ல தலையச் சாச்சுக்கிட்டு, மாமா, அம்மாகிட்ட வந்தாச்சான்னு கேட்டா. இந்தா வந்துட்டோம் ஆத்தான்னேன். சரின்னு தூங்குனா. தூக்கத்துலயே போயிட்டா. எனக்கே தெரியல. வழுக்குப்பாறையில கால் வைக்கையில கை தொங்குச்சு. அப்பத்தான் தெரியும்."

"அங்கனதான வச்ச?" அத்தையின் வாய் மட்டும் அசைந்தது.

"வைக்கல. எப்பிடி வைப்பேன்? கொண்டாந்து ஒன் கையில விடுறேன்னு சொல்லியிருந்தேன்ல? தூக்கிக்கிட்டேதான் வந்தேன்."

"என்ன சொல்றீக?" என்று அம்மா எழுந்துவிட்டாள். "மேலயே வச்சிட்டேன்னுதான என்கிட்டயும் சொன்னீக!"

அப்பா அம்மாவைப் பார்க்கவில்லை. அத்தையைப் பார்த்துத்தான் சொன்னார். "அடிவாரம் வரைக்கும் கொண்டாந்துட்டேன். மாந்தோப்புக்குள்ள நின்னு பாத்தேன். நீ ரோட்டுல நிக்கிற. எறங்கி வார ஒவ்வொரு ஆளு தோளையும் எட்டி எட்டிப் பாத்துக்கிட்டு நிக்கிற. மழையில நனைஞ்சு, மூஞ்சியெல்லாம் வெளுத்துப்போய்க் கெடக்கா புள்ள. அந்த முகத்த எப்பிடிக்கா ஒன் கையில குடுப்பேன்? தோப்புக் காவக்காரரு மம்பட்டி குடுத்தாரு. அவரும் கூடச் சேந்து தோண்டுனாரு. மோட்டார் ரூமுக்குத் தெக்க. ஒனக்கு முகத்தக் காட்டாம மூடிட்டேன். அதத்தான் சொல்ல முடியாமக் கெடந்தேன் இத்தன நாளும்."

"எந்தத் தோப்பு?" என்றாள் அத்தை.

"நீ வேனுக்கு நிப்பியே. ஒனக்குப் பின்னாடி."

என் மகள்கூட விசும்பலை நிறுத்திவிட்டு, ஒரு காதில் மட்டும் கம்மலோடு, என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை அப்பாவை அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். நானாயிருந்தால் அடித்திருப்பேன். எத்தனை வருசம் அந்த வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கவிட்டிருக்கிறார்! அவள் அவர் பக்கத்தில் போனாள்.

"எந்தத் தோளுல?" என்று கேட்டாள்.

அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு இடது தோளைத் தொட்டுக் காட்டினார். மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன வலது தோளை அவர் தொடவில்லை. இடது தோளில் மட்டும் அவர் மூட்டை வைத்து நான் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தை அந்த இடது தோளில் இருந்த துண்டை எடுத்துவிட்டு, அங்கே தன் முகத்தை வைத்துக்கொண்டாள். அப்பா ஆடாமல் நின்றார். அதற்குமேல் எங்களால் பார்க்க முடியவில்லை, நாங்கள் எல்லாரும் அழுதோம்.

கொஞ்ச நேரம் கழித்து அத்தை தலையைத் தூக்கினாள். "இன்னொரு காத குத்துங்கய்யா, புள்ள எம்புட்டு நேரம் உக்காந்துருப்பா" என்று ஆசாரியிடம் சொன்னாள். குத்தி முடிந்ததும் நேராகப் பந்திக்குப் போனாள். செருப்பைக் கழற்றினாள். உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒரு எலை போடுங்கடி, பசிக்கிது" என்றாள். இலை போட்டதும், "சாம்பாரு நீ ஊத்துடா" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். அவர் ஊற்றியதில் பாதி இலைக்கு வெளியே போனது. அவள் விழுந்ததைப் பிசைந்து சாப்பிட்டாள், மறுசோறும் வாங்கிச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலையில் அத்தை, அப்பா, நான் மூன்று பேரும் தோப்புக்குப் போனோம். மோட்டார் ரூம் இடிந்திருந்தது, ஆனால் இருந்தது. அதற்குத் தெற்கே ஒரு மாமரத்தடியில் போய் அப்பா நின்றார். அத்தை அங்கே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தரையைக் கையால் தடவினாள். கல் நட வேண்டாமா, ஒரு விளக்காவது வைக்க வேண்டாமா என்று நான் கேட்டதற்கு, "அடுத்தவுக தோப்புடி. இங்கன இருக்கான்னு தெரிஞ்சா போதாதா?" என்றாள்.

திரும்பும் வழியில் எனக்கு மனசு அடங்கவில்லை. "அத்தே, பலே ஆளு நீ. அப்பா வாயிலருந்தே பிடுங்கிட்டியே. அழுதுக்கிட்டே போயிருப்பான்னு வேணும்னேதான தப்பாச் சொன்ன?" என்று கேட்டேன்.

அத்தை நின்றுவிட்டாள்.

"இல்லடி" என்றாள். "அது ஒண்ணத்தான் நெசம்னு நெனச்சிருந்தேன்."

அதற்குப் பிறகு அவள் கடைக்கு வந்தால் ஸ்டூலில் உட்காருவாள். செவ்வாய்க்கிழமையைச் செவ்வாய் என்பாள். ஓடைப்பட்டித் திராட்சையில் விதை இல்லை என்பாள். யார் மகளை எங்கே கட்டிக்கொடுத்திருக்கிறது என்று கேட்டால் ஊர், தெரு, வீட்டு நிறம் எல்லாம் சரியாகச் சொல்வாள். எனக்கு மிஷின் நன்றாக ஓடியது. ஆனால் பயமாக இருந்தது. எதையும் தேடாத அத்தையை எனக்குப் பழக்கமில்லை. "ஏதாச்சும் தப்பாச் சொல்லேன் அத்தே" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "சோலி முடிஞ்சுபோச்சுல்ல" என்று சிரித்தாள். அடுத்த சாரல் காலத்துக்கு அவள் இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே போய்விட்டாள். கடைசியாகக் கொண்டுபோகும்போது பாடைத் தேரை இடது தோளில்தான் வாங்கினார் அப்பா. அவர் இப்போதும் பேசுவதில்லை.

இந்த வருசம் அந்தத் தோப்பை விற்றுவிட்டார்கள். மரங்களை வெட்டி, மோட்டார் ரூமைத் தரைமட்டமாக்கி, மனை பிரித்துக் கல் நட்டுக் கலர் அடித்திருக்கிறார்கள். பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். எது தெற்கு, எந்த மரம் எங்கே நின்றது என்று ஒன்றும் பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்தும் ஓரிடத்தில் இருக்க முடியாமல் உள்ளுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். அம்மாவுக்கு இப்போது ஞாபகம் தப்புகிறது. அப்பாவுக்குப் பிறகு யாருக்குத் தெரியும்? ஒரு பிள்ளையை இரண்டாம் தடவையும் தொலைத்துவிடுவோமா?

மறுநாள் கடையில் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நான் துணியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ராசாத்திய மலைமேல, வழுக்குப்பாறையிலதான வச்சாக?" என்றேன்.

அவள் பேனாவைப் போட்டாள். "ஐயோ அம்மா, ஒனக்குக் கிறுக்கா? வழுக்குப்பாறை, அப்புறம் ஈச்சங்காடு, அப்புறம் அடிவாரம், அப்புறம் மாந்தோப்பு. மாந்தோப்புலதான் வச்சாக. மோட்டார் ரூமுக்குத் தெக்க. தாத்தாதான் தூக்கிட்டு வந்தாக."

"வழியெல்லாம் அழுதுக்கிட்டேதான வந்தா?"

"அழவே இல்லம்மா!" குரல் உயர்ந்துவிட்டது, தெருவில் போன ஒருத்தர் திரும்பிப் பார்த்தார். "தாத்தா தோள்ல தூங்கிக்கிட்டே வந்தா. இடது தோளு. நீதான சொல்லிக்குடுத்த! எத்தன தடவ சொல்றது?"

"அப்பிடியா?" என்றேன். "எனக்கு எங்கடி ஞாபகம் இருக்கு, நீயே சொல்லு."